முடியின் நிறமும் கல்விக்கூடத்தின் வாசலும்

 

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளிவந்த வாரத்தில் ஒரு தாயார் தம் மகனை அழைத்துக்கொண்டு நம்மைக் காண வந்தார். மகனுக்கு வயது 17. விடுமுறையில் நண்பர்களோடு சேர்ந்து முன்தலை முடிக்குச் செம்பு நிறச் சாயம் பூசியிருந்தான். தாயார் இரண்டு கேள்விகள் கேட்டார். "ஹஜ்ரத், இது மார்க்கத்தில் கூடுமா?" என்பது முதல் கேள்வி. "இந்தத் தலையோடு போனால் இவனுக்குக் கல்லூரியில் இடம் கொடுப்பார்களா?" என்பது இரண்டாவது.

முதல் கேள்விக்குப் பதில் சொல்லி நாம் பழகியிருக்கிறோம். இரண்டாவது கேள்வியைச் சாதாரணமானது என்றே முதலில் எண்ணினோம். அவர்கள் சென்ற பிறகுதான் அது நம்மை விடாமல் தொடர்ந்தது. ஏனெனில் முடியின் நிறத்தைப் பார்த்து ஒரு மாணவனுக்கு வாசலை அடைத்த குற்றம் நம்மிடமும் இருக்கிறது. அதைப் பின்னர் சொல்வோம். அதற்கு முன் வரலாறு என்ன சொல்கிறது என்பதைப் பார்ப்போம்.

நேரடியான பதில்

அந்தத் தாயாருக்கு நாம் சொன்ன பதில் இது: நம் மாநிலத்தில் பெரும்பாலான கல்லூரி இடங்களை மதிப்பெண்ணே தீர்மானிக்கிறது. பொறியியல் படிப்புக்கு 1997 முதல் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு நடைபெற்று வருகிறது. தரவரிசைப் பட்டியலில் மாணவனின் எண் எங்கே நிற்கிறதோ அதைக் கொண்டே இடம் கிடைக்கிறது. மருத்துவப் படிப்புக்கு நீட் தேர்வின் தரவரிசையும் இடஒதுக்கீட்டு விதியும் பேசுகின்றன. பட்டியலுக்குக் கண் இல்லை. அது முடியைப் பார்ப்பதில்லை.

ஆனால் எல்லா வாசல்களும் அப்படிப்பட்டவை அல்ல. நேர்காணல் நடத்தி மாணவரைச் சேர்க்கும் கல்லூரிகள் உண்டு. மாற்றுச் சான்றிதழில் நடத்தையைக் குறிக்க ஒரு வரி உண்டு; அதை எழுதுபவர் மனிதர். எங்கே ஒரு மனிதர் மேசைக்கு அப்பால் அமர்ந்து மாணவனை ஏற இறங்கப் பார்க்கிறாரோ, அங்கே முடியும் உடையும் பேசத் தொடங்கிவிடுகின்றன. இந்த இரண்டாம் வகை வாசலின் வரலாற்றைத்தான் நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

அபூ குஹாஃபாவின் வெண்முடி

முடிக்குச் சாயமிடுவது இக்காலத்து இளைஞர்கள் கண்டுபிடித்த புதுமை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று.

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு, கி.பி. 630இல், மக்கா வெற்றி கொள்ளப்பட்டது. அப்போது அபூபக்ர் (ரலி) அவர்கள் தம் முதிய தந்தை அபூ குஹாஃபாவை நபி (ஸல்) அவர்களிடம் அழைத்து வந்தார்கள். பார்வை இழந்திருந்த பெரியவர் அவர். அவரை வீட்டிலேயே இருக்கவிட்டிருந்தால் நாமே அவரைத் தேடி வந்திருப்போமே என்னும் கருத்துப்பட நபி (ஸல்) அவர்கள் கூறியதாக வரலாற்று நூல்கள் பதிவு செய்கின்றன. பிறகு அவரது நெஞ்சைத் தடவி இஸ்லாத்திற்கு அழைத்தார்கள். அவர் ஏற்றுக்கொண்டார். அவருடைய தலைமுடியும் தாடியும் 'ஸகாமா' என்னும் வெண்ணிறத் தாவரத்தைப் போல முற்றிலும் வெளுத்திருந்தன. அதை ஏதேனும் ஒன்றைக் கொண்டு மாற்றுமாறும் கறுப்பைத் தவிர்க்குமாறும் நபி (ஸல்) அவர்கள் பணித்ததை ஜாபிர் (ரலி) அவர்கள் வழியாக ஸஹீஹ் முஸ்லிம் பதிவு செய்திருக்கிறது.

இந்நிகழ்ச்சியைச் சட்டம் எடுப்பதற்காகவே நாம் பலமுறை ஓதுகிறோம். அதன் வரிசையைக் கவனிப்பதில்லை. முதலில் மரியாதை, அடுத்து அழைப்பு, அதன்பின் ஏற்பு, கடைசியாகவே முடியைப் பற்றிய பேச்சு. முடியைச் சரிசெய்துகொண்டு வாருங்கள், பிறகு உள்ளே விடுகிறோம் என்று அந்த வாசலில் யாரும் சொல்லவில்லை.

சாயமிடுவது ஸஹாபாக்களிடம் பரவலாகவே இருந்தது. அபூபக்ர் (ரலி) அவர்கள் மருதாணியையும் 'கதம்' என்னும் செடியையும் சேர்த்துப் பூசினார்கள். உமர் (ரலி) அவர்கள் மருதாணியை மட்டும் பூசினார்கள் என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். மருதாணி செம்மை தரும். கதம் சேர்ந்தால் கருஞ்செம்மை வரும். யூதரும் கிறிஸ்தவரும் சாயமிடுவதில்லை, நீங்கள் அவர்களுக்கு மாறு செய்யுங்கள் என்ற கருத்தில் வந்துள்ள ஹதீஸும் பிரபலமானது. ஆக, அக்கால மதீனாவில் செந்நிறத் தாடி ஒரு சமூகத்தின் அடையாளமாகவும் இருந்தது.

கறுப்புச் சாயத்தைப் பற்றி இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் அது ஹராம் என்பதே சரியான கருத்து என இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் உறுதி செய்கிறார்கள். மற்றோர் பலர் அதை மக்ரூஹ் என்றனர். முன்னோர்களில் சிலர் கறுப்பே பூசியதாகவும் அறிவிப்புகள் உள்ளன. நரைக்காக அல்லாமல் அழகுக்காக இளைஞர் பூசும் வேறு நிறங்களைத் தற்கால உலமாக்களில் பலர் நிபந்தனைகளுடன் அனுமதிக்கிறார்கள்: உடலுக்குத் தீங்கு கூடாது, ஏமாற்றுதல் கூடாது, பாவிகளின் தனி அடையாளத்தைப் பின்பற்றுவதாக இருக்கக் கூடாது, உளூவின் நீர் முடியை அடைவதைத் தடுக்கும் படலம் கூடாது. சட்டத்தின் நிலை இவ்வளவே. இதில் எந்த இடத்திலும் சாயமிட்டவனுக்குக் கல்வியை மறுக்கும் பேச்சு இல்லை.

மருதாணியிலிருந்து ரசாயனத்திற்கு

பல நூற்றாண்டுகள் தாவரங்களே சாயம் தந்தன. 1856இல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்னும் 18 வயது மாணவர், மலேரியாவுக்கான குயினைன் மருந்தைச் செயற்கையாகச் செய்ய முயன்றபோது, கரித்தாரிலிருந்து பெற்ற பொருளில் ஊதா நிறச் சாயத்தைத் தற்செயலாகக் கண்டார். செயற்கைச் சாயத் தொழில் அங்கிருந்து வளர்ந்தது. 1907இல் யூஜின் ஷ்யுவெல்லர் என்னும் பிரெஞ்சு வேதியியலாளர் முடிக்கான செயற்கைச் சாயத்தைத் தயாரித்தார். 1909இல் அவர் தொடங்கிய நிறுவனமே பின்னாளில் லோரியல் ஆயிற்று. 1950களில் அமெரிக்கப் பெண்கள் வீட்டிலேயே சாயமிட்டுக்கொள்ளத் தொடங்கினர். 1970களில் லண்டன் தெருக்களில் 'பங்க்' இளைஞர்கள் பச்சையும் இளஞ்சிவப்புமாகத் தலைமுடியை நிறுத்திக்கொண்டு நடந்தனர்.

இங்கேதான் பொருள் மாறியது. முதியவரின் நரையை மறைக்கவோ மாற்றவோ பயன்பட்ட சாயம், இளைஞன் பெரியவர்களைப் பார்த்து 'நான் உங்களைப் போன்றவன் அல்லன்' என்று சொல்லும் மொழியாகியது. அதைக் கண்ட ஆசிரியர்கள், சாயத்தை ஒழுங்கின்மையின் அறிகுறியாகப் படிக்கத் தொடங்கினர்.

ஹார்வர்டு கேட்ட புகைப்படம்

தோற்றத்தைப் பார்த்து மாணவரைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் சாயத்தோடு தொடங்கியதன்று. அதன் வேரைக் காண நாம் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற்குச் செல்ல வேண்டும்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே நுழைவுத் தேர்வில் தேறியவருக்கு இடம் கிடைத்தது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய ஏழை யூதர்களின் பிள்ளைகள் நன்றாகப் படித்துத் தேர்வில் வென்றனர். 1900இல் முதலாண்டு மாணவரில் 7 சதவீத அளவில் இருந்த யூதர்கள், 1922இல் 21 சதவீதத்தைத் தாண்டினர். பல்கலைக்கழகத் தலைவர் லோவெல் கவலையுற்றார். யூதர் எண்ணிக்கைக்கு வெளிப்படையாகவே ஒரு வரம்பு வைக்க வேண்டும் என்று 1922இல் முன்மொழிந்தார். யூத வெறுப்பு வளராமல் தடுக்கவே இந்த வரம்பு என்று காரணமும் சொன்னார்! எதிர்ப்பு எழுந்தது. அதற்கென அமைக்கப்பட்ட குழுவும் அதை ஏற்கவில்லை.

வெளிப்படையாகச் செய்ய முடியாததை மறைவாகச் செய்யும் வழி பிறந்தது. விண்ணப்பதாரரின் இனம், சமயம், தாயின் பிறந்த வீட்டுப் பெயர், தந்தை பிறந்த ஊர், குடும்பப் பெயர் மாற்றப்பட்டதா என்னும் விவரங்கள் விண்ணப்பத்தில் கேட்கப்பட்டன. 1926இல், மதிப்பெண்ணோடு 'குணநலனும்' அளவுகோல் என்று முடிவாயிற்று. விண்ணப்பத்தோடு புகைப்படமும் கட்டாயமாக்கப்பட்டது. விளைவு என்ன? 1925இல் கால் பங்கிற்கு மேல் இருந்த யூத மாணவரின் அளவு, அடுத்த சில ஆண்டுகளில் 15 சதவீத அளவுக்குச் சுருங்கியது. ஜெரோம் கராபெல் என்னும் சமூகவியலாளர் 2005இல் வெளியிட்ட நூலில் இந்த வரலாற்றை ஆவணங்களோடு விரித்திருக்கிறார்.

யூதர்களுக்கு நேர்ந்த அநீதியை ஒரு முஸ்லிம் ஏன் எடுத்துரைக்க வேண்டும் என்று எவரும் கேட்க வேண்டாம். ஒரு கூட்டத்தாரின் மீதான வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்பது நம் வேதம் நமக்கிட்ட கட்டளை. 'குணம்' என்ற அழகிய சொல்லுக்குப் பின்னே வேறொரு கணக்கு ஒளிந்திருக்கக் கூடும் என்னும் பாடத்தை இந்நிகழ்ச்சியை விடத் தெளிவாக வேறெதிலும் நாம் கண்டதில்லை.

ஜப்பானின் இரண்டு பள்ளிகள்

ஹார்வர்டு புகைப்படத்தில் முகத்தைத் தேடியது. சரியாக முடியின் நிறத்தையே அளவுகோலாக்கிய நிகழ்ச்சி ஜப்பானில் நடந்தது.

ஜப்பானில் மேல்நிலைப் பள்ளியில் சேர நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். 1980களில் பள்ளிகளில் வன்முறை பெருகியபோது முடி, உடை பற்றிய விதிகள் இறுகின. 1990களில் இளைஞரிடையே பழுப்புச் சாயம் பெருமோகமாகியது. 'இயற்கையாகவே என் முடி கறுப்பன்று' என்று பெற்றோர் கையொப்பமிட்ட சான்றைக் கேட்கும் பள்ளிகள் தோன்றின.

2008 அக்டோபரில் கனகாவா மாகாணத்தின் கண்டா மேல்நிலைப் பள்ளி பற்றிய செய்தி வெளியாயிற்று. மூன்று ஆண்டுகளின் சேர்க்கையில், அறிவிக்கப்பட்ட அளவுகோல்களின்படி தேறியிருந்த 22 பேரை அப்பள்ளி நிராகரித்திருந்தது. விண்ணப்பம் கொடுக்க வந்த நாளிலும் தேர்வு நாளிலும் ஆசிரியர்கள் அவர்களின் முடி நிறம், மழித்த புருவம், உடை, நடத்தை ஆகியவற்றைக் கண்காணித்து மறைவாகக் குறித்து வைத்திருந்தனர். அப்படி ஓர் அளவுகோல் இருப்பதே மாணவருக்குத் தெரியாது. மாகாணக் கல்வித் துறை இதை முறைகேடு என அறிவித்துத் தலைமையாசிரியரை மாற்றியது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய மறுபக்கமும் உண்டு. பொதுமக்களில் பலர் அந்தத் தலைமையாசிரியரை ஆதரித்தே குரல் கொடுத்தனர். ஒழுங்குப் பிரச்சினைகளால் களைத்திருந்த பள்ளி அது. அவர் ஒழுங்கைக் காக்கவே முயன்றார் என்றனர். ஆசிரியப் பணியிலுள்ள நமக்கு அந்தக் களைப்பு புரியாமலில்லை. ஆனால் அறிவிக்காத விதியைக் கொண்டு தண்டிப்பது எந்த நீதியிலும் சேராது.

இரண்டாவது நிகழ்ச்சி ஒசாகா மாகாணத்தில். 2015இல் ஒரு மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்த மாணவி, தம் முடி பிறவியிலேயே பழுப்பு என்றார். பள்ளி அதை ஏற்காமல் கறுப்புச் சாயம் பூசுமாறு மீண்டும் மீண்டும் பணித்தது. மனமுடைந்து அவர் பள்ளி செல்வதை நிறுத்தினார். வகுப்பில் அவரது இருக்கை அகற்றப்பட்டது. பெயர்ப் பட்டியலிலிருந்தும் பெயர் நீக்கப்பட்டது. 2017இல் அவர் வழக்குத் தொடுத்தார். 2021 பிப்ரவரியில் ஒசாகா மாவட்ட நீதிமன்றம், சாயத்தைத் தடுக்கும் விதி சட்டத்திற்கு உட்பட்டதே என்றும், மயிர்க்கால்கள் கறுப்பாக இருந்ததாக ஆசிரியர்கள் கருதியதால் அவர்களின் அறிவுறுத்தலும் தவறாகாது என்றும் கூறியது. ஆனால் இருக்கையையும் பெயரையும் நீக்கியது சட்ட விரோதம் என்று 3,30,000 யென் இழப்பீடு வழங்கப் பணித்தது. 2022 ஏப்ரல் முதல் டோக்கியோ மாநகர அரசுப் பள்ளிகள் முடியைக் கறுப்பாக்கக் கட்டாயப்படுத்தும் விதியைக் கைவிட்டன.

அந்தத் தீர்ப்பை நிதானமாக யோசித்துப் பாருங்கள். விதி வைப்பது ஒன்று. விதியை மீறியவரின் இருக்கையையே அகற்றுவது மற்றொன்று. முன்னது நிர்வாகம். பின்னது ஒரு பிள்ளையைப் பார்த்து 'நீ இங்கே இல்லை' என்று சொல்வது.

அதாவின் முன் அமர்ந்தவர்கள்

நம் முன்னோர்களின் கல்விச்சபை எப்படி இருந்தது? மக்காவில் அதா இப்னு அபீ ரபாஹ் (ரஹ்) என்னும் தாபிஈ வாழ்ந்தார்கள். கறுத்த நிறத்தவர், சப்பை மூக்கு, ஒரு கண்ணில் பார்வையில்லை, காலை இழுத்து நடப்பவர், இறுதியில் மறு கண்ணின் பார்வையும் போயிற்று. வரலாற்றாசிரியர்கள் அவர்களின் தோற்றத்தை ஒளிக்காமல் இப்படித்தான் எழுதி வைத்தார்கள். அதே கையால், ஹஜ்ஜின் சட்டங்களில் அவர்களை மிஞ்சியவர் அக்காலத்தில் இல்லை என்றும் எழுதினார்கள். உமைய்யா ஆட்சியாளர்களும் அவர்களிடம் வந்து கேட்டறிந்தனர். தோற்றத்தைப் பார்த்து அவர்களை வாசலிலேயே யாரேனும் திருப்பியனுப்பியிருந்தால், நஷ்டம் அவர்களுக்கு மட்டுமா?

நாம் செய்த பிழை

இப்போது நம் கணக்கைத் திறக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஷவ்வால் மாதச் சேர்க்கை நடந்துகொண்டிருந்தது. பக்கத்து ஊரிலிருந்து ஒரு முதியவர் 16 வயதுப் பேரனை அழைத்து வந்தார். பையன் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். முன்முடி முழுவதும் செம்பட்டைச் சாயம். ஓதிக் காட்டச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. ஏன் ஓத வந்தாய் என்று கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. தலையை மட்டும் பார்த்தோம். "முதலில் இதைக் கறுப்பாக்கிக்கொண்டு வாருங்கள், பிறகு பார்க்கலாம்" என்றோம். முதியவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அடுத்தவரை அழைத்துவிட்டோம். அவர்கள் திரும்பி வரவே இல்லை. பெயரையும் முகவரியையும் நாம் எழுதி வைத்திருக்கவில்லை.

ஓரிரு மாதங்கள் கழித்து வகுப்பில் அபூ குஹாஃபாவின் ஹதீஸை நடத்தினோம். கறுப்பைத் தவிர்க்குமாறு வந்த இடத்தில் ஒரு மாணவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஹஜ்ரத், சேர்க்கை நாளில் அந்தப் பையனைக் கறுப்புப் பூசி வரச் சொன்னோமே?"

இந்த ஹதீஸ் நரைக்கு உரியது, இயல்பு நிறத்திற்குத் திரும்புவது வேறு என்று நாம் விளக்கம் சொன்னோம். விளக்கம் தவறன்று. ஆனால் அந்த மாணவர் கேட்டது சட்டத்தைப் பற்றியதன்று என்பது நமக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அன்று இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. நபி (ஸல்) அவர்களின் வாசலில் மரியாதை முதலிலும் முடி கடைசியிலும் இருந்தது. நம் வாசலில் முடியைத் தவிர வேறெதுவும் இருக்கவில்லை.

அதன்பின் நம் மதரஸாவில் ஒரு மாற்றம் செய்தோம். முடி, உடை பற்றிய விதிகளை எழுதி முன்னதாகவே ஒட்டிவிடுகிறோம். வருபவனை முதலில் அமர்த்தி, தண்ணீர் கொடுத்து, ஓதிக் கேட்கிறோம். சேர்த்த பிறகு, முடியைச் சீராக்க ஒரு மாத அவகாசம் தருகிறோம். விதி தளரவில்லை, வரிசை மாறியிருக்கிறது.

இளைஞருக்கும் பெற்றோருக்கும்

தம்பி, தங்கைகளே! நேர்காணலுக்குச் செல்லும் கல்லூரியின் விதிகளை முன்கூட்டியே படியுங்கள். அங்கே சாயம் கூடாது என்று எழுதியிருந்தால், ஒரு நிறத்திற்காக மூன்று, நான்கு ஆண்டுக் கல்வியைப் பணயம் வைக்காதீர்கள். முடி வளரும், தவறிய இடம் அந்த ஆண்டு திரும்பாது. விதி இல்லாத இடத்திலும் எதிரே அமர்ந்திருப்பவர் மனிதர் என்பதை மறவாதீர்கள். அவர் கண் முதலில் முடியில் நிற்கலாம். அதை உங்கள் பேச்சுக்கும் அறிவுக்கும் திருப்புவது உங்கள் உழைப்பு. மலிவான ரசாயனச் சாயங்கள் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையைத் தரும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

பெற்றோரே! பிள்ளையின் தலையைக் கண்டதும் அவன் கெட்டுவிட்டான் என்று முடிவு கட்டாதீர்கள். அந்தத் தாயாரின் மகன் நம்மிடம் வந்தபோது, தாயார் பேசி முடிக்கும் வரை தலைகுனிந்து நின்றான். தொழுகை நேரம் வந்ததும் நாம் சொல்லாமலே உளூச் செய்யச் சென்றான். அதை நாம் இம்முறை கவனித்தோம், அல்ஹம்துலில்லாஹ்.

வாசலில் அமர்ந்திருக்கும் ஆசிரியர்களே, நிர்வாகிகளே! விதி வையுங்கள், அதை எல்லோருக்கும் தெரிய வையுங்கள். விதியின் பெயரால் வேறெதையோ வடிகட்டுகிறோமா என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். அல்லாஹ் நம் தோற்றங்களைப் பார்ப்பதில்லை, உள்ளங்களையும் செயல்களையுமே பார்க்கிறான் என்ற பொருளில் வரும் நபிமொழியைப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பவர்கள் நாம்தானே.

அந்தப் பேரனும் முதியவரும் இதை எங்கேனும் படிக்க நேர்ந்தால், நம்மை மன்னிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். அவன் இப்போது எங்கிருந்தாலும் அவனுக்குப் பயனுள்ள கல்வியை வல்ல அல்லாஹ் வழங்குவானாக! நம் வாசல்களை நீதியின் வாசல்களாக ஆக்குவானாக! ஆமீன்.

அல்லாஹ்வே மிக அறிந்தவன்.